மூடுபனியில் விழும் நிழல்: புரோக்கன் மலையின் வரலாறு



வேதாகமத்தில் மலைகளுக்குத் தனி இடம் உண்டு. மோரியா, சீனாய், ஓரேப், கர்மேல், ஒலிவமலை என்று அவற்றின் பெயர்களைச் சொன்னாலே அங்கு நடந்தவை நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. மலை தானாகப் பரிசுத்தமாவதுமில்லை, தானாகத் தீட்டுப்படுவதுமில்லை. அதன்மேல் ஏறிய மனிதர் எதைச் சுமந்து ஏறினார்கள் என்பதே அதன் வரலாறாகிறது. இந்த வாரம், வேதாகம நிலத்திற்கு வெகு தொலைவில், ஜெர்மனியின் நடுவே நிற்கும் ஒரு மலையைப் பற்றி உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அதன் பெயர் புரோக்கன். உயரம் 1,141 மீட்டர். ஆல்ப்ஸ் சிகரங்களோடு ஒப்பிட்டால் இது சிறிய மேடு. ஆயினும் மனித பயத்தின் வரலாற்றை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் மலைகள் மிகச் சிலவே.

மலை நிற்கும் இடம்

ஹார்ட்ஸ் என்பது ஜெர்மனியின் நடுத்தர உயர மலைத்தொடர்களில் ஒன்று. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளமும் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. அதன் வடக்கே சமவெளி தொடங்குகிறது. 200 கிலோமீட்டருக்கும் அப்பால் வடகடல் வரைக்கும் இதற்கு ஈடான உயரம் வேறெதுவுமில்லை. அந்தத் தொடரின் மிக உயர்ந்த சிகரம் புரோக்கன். வட ஜெர்மனி முழுவதற்கும் அதுவே உச்சி.

மலையின் உடல் கிரானைட் பாறையால் ஆனது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து இந்தப் பாறையாயிற்று. மேலிருந்த படிவங்கள் காலப்போக்கில் அரிக்கப்பட்டு, கிரானைட் வெளியே தலைகாட்டியது. மழையும் பனியும் அதன் விரிசல்களில் வேலை செய்து, மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோன்ற உருண்ட பாறைகளை உச்சியில் விட்டுவைத்தன. அவற்றில் ஒன்றுக்கு மக்கள் ‘பிசாசின் பிரசங்க மேடை’ என்றும், மற்றொன்றுக்கு ‘சூனியக்காரிகளின் பலிபீடம்’ என்றும் பெயரிட்டனர். அப்பெயர்கள் வந்த வழியைப் பின்னர் பார்ப்போம்.

இம்மலையின் வானிலை விசேஷமானது. அட்லாண்டிக் கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் மேற்குக் காற்று, தடையற்ற சமவெளியைக் கடந்து வந்து முதன்முதலில் மோதும் உயரம் ஹார்ட்ஸ் மலைகள்தான். மோதிய காற்று மேலே எழும்பிக் குளிர்கிறது, ஈரம் மேகமாகிறது, அந்த மேகத்தின் உள்ளேயே உச்சி நிற்கிறது. எனவே ஆண்டில் ஏறத்தாழ 300 நாள்கள், நாளின் ஏதோ ஒரு வேளையிலாவது, உச்சியை மூடுபனி சூழ்கிறது. ஆண்டு மழைப்பொழிவு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். 1984 நவம்பரில் இங்கே காற்று மணிக்கு 263 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது பதிவாகியுள்ளது. ஏறத்தாழ 1,100 மீட்டருக்கு மேல் மரங்கள் வளருவதில்லை. புல்லும் பாசியும் குறுஞ்செடிகளுமே தரையைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. ஆல்ப்ஸ் மலையில் 2,000 மீட்டர் உயரத்தில் காணும் சூழலை இங்கே பாதி உயரத்திலேயே காணலாம்.

இன்னும் ஒன்றையும் கவனியுங்கள். இம்மலை ஒரு நீர்ப்பிரிமேடு. இதன் சரிவுகளில் பிறக்கும் இல்சே, எக்கர் என்னும் ஓடைகள் வடக்கே இறங்கி வேசர் ஆற்றைச் சேருகின்றன. குளிர் போடே என்னும் ஓடையோ கிழக்கே திரும்பி, சாலே ஆற்றின் வழியாக எல்பே ஆற்றில் கலக்கிறது. ஒரே மேகத்திலிருந்து விழுந்த நீர் இரண்டு திசைகளில் பிரிகிறது. வேசரும் எல்பேயும் இறுதியில் சேருவதோ ஒரே வடகடலில்.

பயம் ஏறிய மலை

கீழே சமவெளியில் வாழ்ந்த உழவருக்கு இந்த மலை எப்படித் தோன்றியிருக்கும்? பெரும்பாலான நாள்களில் அதன் தலை தெரியாது. மேகம் விலகும்போது மரமற்ற மொட்டை உச்சி திடீரென வெளிப்படும், மறுகணம் மறையும். இரவில் காற்றின் இரைச்சல் கேட்கும். தெரியாததை மனிதன் வெறுமையாக விட்டுவைப்பதில்லை. தன் மனத்தில் உள்ளதைக்கொண்டு அதை நிரப்புகிறான்.

ஏப்ரல் 30-ஆம் நாள் இரவில், நாடெங்கிலுமுள்ள சூனியக்காரிகள் துடைப்பத்தின்மீது பறந்து வந்து இவ்வுச்சியில் பிசாசோடு கூடி ஆடுகிறார்கள் என்ற நம்பிக்கை பரவியது. அந்த இரவின் பெயர் ‘வால்புர்கா இரவு’. வால்புர்கா யார்? 8-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து ஜெர்மானிய நிலத்திற்கு ஊழியத்துக்கென வந்து, ஹைடன்ஹைம் மடத்தின் தலைவியாகப் பணியாற்றிய பக்தியுள்ள பெண்மணி. அவரை நினைவுகூரும் மே 1-ஆம் நாளின் முந்தைய இரவுக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஊழியக்காரி ஒருவரின் பெயர் சூனியக்காரிகளின் இரவுக்குப் பெயரானது வரலாற்றின் கசப்பான முரண்களில் ஒன்று. 1668-இல் யோஹான்னஸ் பிரேட்டோரியுஸ் என்னும் எழுத்தாளர் இக்கதைகளையெல்லாம் திரட்டி லைப்சிக் நகரில் நூலாக வெளியிட்டார். அதன்பின் புரோக்கன் மலையின் பெயர் பயத்தோடு சேர்ந்தே ஒலித்தது.

கதையாக மட்டும் இருந்திருந்தால் நாம் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் அக்காலத்தில் அது நீதிமன்றத்திற்குள் நுழைந்தது. ‘சூனியக் கூட்டத்தில் யாரைக் கண்டாய்?’ என்று சித்திரவதைக் கூடத்தில் கேட்கப்பட்டது. வலி தாங்காத பெண் அண்டைவீட்டாளின் பெயரைச் சொன்னாள். அவள் இழுத்துவரப்பட்டு இன்னொரு பெயரைச் சொன்னாள். ஐரோப்பா முழுவதும் இவ்வாறு கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஜெர்மானியப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள்; பெரும்பாலோர் பெண்கள். கத்தோலிக்கப் பகுதிகளிலும் இது நடந்தது. புரொட்டஸ்டன்ட் பகுதிகளிலும் நடந்தது. திருச்சபையின் பிள்ளைகளாகிய நாம் இதை மறைக்கவோ, பழியை மற்றப் பிரிவின்மேல் சுமத்தவோ இயலாது. பிரசங்க பீடங்களும் அந்த நெருப்புக்கு விறகு தந்தன.

அதே திருச்சபைக்குள்ளிருந்து எதிர்ப்புக் குரலும் எழுந்தது. ஃபிரீட்ரிக் ஷ்பே என்னும் இயேசுசபைக் குரு 1631-இல், வேசர் ஆற்றங்கரையிலுள்ள ரின்டல்ன் நகரில், ஆசிரியர் பெயர் இன்றி ஒரு நூலை வெளியிட்டார். சித்திரவதை உண்மையை வெளிப்படுத்துவதில்லை, அது குற்றவாளிகளை உருவாக்குகிறது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். கேள்வி கேட்பவர் தம் மனத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த பதிலையே வலியால் துடிப்பவரின் வாய் திருப்பிச் சொல்லிற்று. ஷ்பே 1635-இல் டிரியர் நகரில், கொள்ளைநோயால் பாதிக்கப்பட்ட போர்வீரர்களுக்குப் பணிவிடை செய்கையில் தாமும் நோயுற்று மரித்தார். 1701-இல், ஹாலே பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியராகிய கிறிஸ்டியான் தொமாசியுஸ், சூனியம் என்ற குற்றச்சாட்டின் அடித்தளத்தையே மறுத்து எழுதினார். அறிவும் மனச்சாட்சியும் சேர்ந்து அந்த நெருப்பை அணைக்கப் பல தலைமுறைகள் ஆயின.

மேகத்தில் ஒரு வீடு

இனி, பயத்தின் மலைமீது அடைக்கலம் கட்டிய ஒருவரைப் பார்ப்போம். மலையின் அடிவாரத்திலுள்ள வெர்னிகெரோடே நகரின் ஆட்சியாளரான கிறிஸ்டியான் எர்ன்ஸ்ட் பிரபு, 1736-இல் புரோக்கன் உச்சியில் ஒரு சிறிய கல்வீட்டைக் கட்டுவித்தார். ‘மேகக் குடில்’ என்று பொருள்படும் பெயர் அதற்கு வழங்கிற்று. மூடுபனியிலும் புயலிலும் சிக்கிய பயணிகள் ஒதுங்கியிருக்க அது உதவியது. இன்றும் அது உச்சியில் நிற்கிறது.

இந்தப் பிரபு, ஹாலே நகரை மையமாகக் கொண்டிருந்த பக்தி மறுமலர்ச்சி இயக்கத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். அவருடைய தாயின் தங்கை லூயிசா டென்மார்க் நாட்டின் அரசி. மன்னர் நான்காம் ஃபிரெடரிக்கின் மனைவி. அந்த மன்னர் அனுப்பி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கியவர்களே சீகன்பால்கும் புளுட்சோவும். சீகன்பால்கு ஹாலேயில் பயின்றவர். தமிழில் புதிய ஏற்பாட்டை நம் முன்னோரின் கரங்களில் அச்சுநூலாகத் தந்த அந்த ஊழியத்தின் வேர்களும், புரோக்கன் உச்சியில் குடில் கட்டிய மனிதரின் பக்தியும் ஒரே மண்ணில் ஊன்றியிருந்தன.

பிறர் பிசாசின் கூடாரம் என்று கருதிய இடத்தில் வழிப்போக்கனுக்கு ஒரு கூரை வேண்டும் என்று ஒருவர் எண்ணினார். மலை மாறவில்லை, மூடுபனியும் மாறவில்லை; அங்கே சென்றவரின் நோக்கமே மாறியிருந்தது.

நிழலைக் கண்டவர்கள்

1777 டிசம்பர் 10 அன்று, 28 வயதான கவிஞர் கதே, வனக்காவலர் ஒருவரின் துணையோடு பனி மூடிய புரோக்கன்மீது ஏறினார். 1808-இல் வெளிவந்த அவருடைய ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தின் முதற்பகுதியில் வால்புர்கா இரவு ஒரு பெரும் காட்சியாக இடம்பெற்றது. ஒருகாலத்தில் உயிர்களைப் பலிகொண்ட நம்பிக்கை இப்போது இலக்கியமாயிற்று. 1824-இல் ஹைன்ரிக் ஹைனே என்னும் கவிஞரும் இவ்வழியே நடந்து சென்று பயணநூல் எழுதினார். அதே 1820-களில் கணிதமேதை காவுஸ், ஹானோவர் நாட்டை அளக்கும் பணியில் புரோக்கன், ஹோஹர் ஹாகன், இன்செல்ஸ்பெர்க் ஆகிய மூன்று மலைகளை முக்கோணமாக இணைத்தார். பயந்து பார்க்கப்பட்ட உச்சி, நிலத்தை அளக்கும் குறியாக உயர்ந்தது.

இவர்கள் எல்லாரினும் நம் கவனத்திற்குரியவர் யோஹான் சில்பர்ஷ்லாக். இவர் லுத்தரன் திருச்சபையின் இறையியலாளர், இயற்கையை ஆராய்ந்தவருமாவார். 1780-இல் அவர் புரோக்கன் உச்சியில் தோன்றும் ஒரு விந்தைக் காட்சியை விவரித்தார். ‘புரோக்கன் பூதம்’ என்று உலகம் இன்று அழைப்பது அதையே.

அது எவ்வாறு தோன்றுகிறது? சூரியன் தாழ்வாக, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். உங்களுக்கு முன்னே, சற்றுக் கீழே, மூடுபனி பரந்திருக்கவேண்டும். அப்போது பனித்திரையின்மீது ஒரு மாபெரும் கரிய உருவம் எழும்புகிறது. நீங்கள் அசைந்தால் அதுவும் அசைகிறது. கையை உயர்த்தினால் அதுவும் உயர்த்துகிறது. வேறொன்றுமில்லை, அது உங்கள் நிழலே. அருகிலுள்ள பனித்துளிகளின்மேல் விழும் நிழலைத் தொலைவில் நிற்பதாகக் கண் கருதிவிடுவதால், அது பூத உருவமாகத் தோன்றுகிறது.

அந்த நிழலின் தலையைச் சுற்றிச் சில வேளைகளில் வண்ண வளையங்கள் ஒளிரும். ‘மகிமை’ என்று பொருள்படும் சொல்லையே அறிவியலார் அதற்குப் பெயராக வைத்துள்ளனர். இதில் ஒரு விசேஷம் உண்டு. உச்சியில் இருவர் அடுத்தடுத்து நின்றாலும், ஒவ்வொருவரும் தம் தலையைச் சுற்றியே அந்த ஒளிவளையத்தைக் காண்பர். பக்கத்தில் நிற்பவரின் நிழல் ஒளியின்றியே தோன்றும். பனித்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால், ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய வளையம் மட்டுமே தெரிகிறது.

வாசகரே, இங்கே சற்று நில்லுங்கள். எதிரே பூதமாக நிற்பது தன் நிழல் என்பதை மனிதன் அறிவதில்லை. தன் தலைமேல் மட்டுமே மகிமை இருப்பதாகவும், அயலானின் தலைமேல் அது இல்லையென்றும் காண்கிறான். இவ்விரண்டு மயக்கங்களும் ஒரே மூடுபனியில் நேர்கின்றன. சூனியக்காரி என்று ஏழைக் கைம்பெண்ணை இழுத்துச் சென்றவர்களின் கண்களில் இருந்ததும் இந்தப் பனிதான்.

மதில் சூழ்ந்த மலை

1899-இல் புகைவண்டிப் பாதை உச்சி வரை வந்தது. சாதாரணக் குடும்பங்களும் விடுமுறை நாளில் மேகத்தைத் தொட்டுத் திரும்பின. ஆனால் 20-ஆம் நூற்றாண்டு தன் பயத்தையும் இம்மலைமீது ஏற்றிவைத்தது. 1945-இல் அமெரிக்கப் படையினர் உச்சியைக் கைப்பற்றினர். 1947-இல் அது சோவியத் படையினர் கைக்குச் சென்றது. ஜெர்மனி இரண்டாகப் பிளந்தபோது எல்லைக்கோடு மலையை ஒட்டியே அமைந்தது. உச்சி கிழக்கு ஜெர்மனியின் பக்கம் நின்றது. எக்கர் ஓடையின் குறுக்கே போர்க்காலத்தில் கட்டப்பட்ட அணையின் சுவரையே எல்லைக்கோடு குறுக்கே வெட்டிச் சென்றது. ஒரே ஏரியின் நீர் இரு நாடுகளுக்கு உரியதாயிற்று.

1961 ஆகஸ்டில், பெர்லின் மதில் எழும்பிய அதே மாதத்தில், புரோக்கன் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. மேற்கிலிருந்து கண்ணால் காணலாம், ஏற இயலாது. அடிவாரத்து ஷீர்க்கே கிராமத்தாருக்கும் தங்கள் மலை எட்டாததாயிற்று. உச்சியைச் சுற்றி 3.6 மீட்டர் உயரக் கான்கிரீட் மதில் எழுந்தது. அதனுள்ளே சோவியத் படையினரும், ‘ஸ்டாசி’ எனப்பட்ட கிழக்கு ஜெர்மானிய இரகசியக் காவலரும் மேற்கு நாட்டின் வானொலி, தொலைபேசி உரையாடல்களை இரவும் பகலும் ஒட்டுக்கேட்டனர். ஸ்டாசி தன் நிலையத்திற்கு வைத்த இரகசியப் பெயர் ‘ஊரியான்’. அது பிசாசைக் குறிக்கும் பழைய ஜெர்மானியப் பெயர்களில் ஒன்று! கடவுளும் இல்லை பிசாசும் இல்லை என்று கற்பித்த அரசு, பழங்கதையிலிருந்தே தனக்குப் பெயரை எடுத்துக்கொண்டது.

உற்று நோக்கினால், பழைய பயமும் புதிய பயமும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. அன்று அண்டைவீட்டாள் சூனியக்காரியோ என்ற சந்தேகம். இன்று அண்டைவீட்டார் பகைவரோ, உளவாளியோ என்ற சந்தேகம். அன்றும் இன்றும் சந்தேகம் தன் நிழலையே பனியில் கண்டு நடுங்கியது.

அட்வெந்து ஞாயிறு

1982 முதல் லைப்சிக் நகரின் புனித நிக்கோலா ஆலயத்தில் திங்கள்தோறும் சமாதானத்திற்காக ஜெபம் ஏறெடுக்கப்பட்டு வந்தது. தொடக்கத்தில் கூடியவர் சிலரே. 1989 அக்டோபர் 9 அன்று, ஜெபத்திற்குப் பின் நகரத் தெருக்களில் ஏறத்தாழ 70,000 பேர் அமைதியாக நடந்தனர். துப்பாக்கிகள் சுடவில்லை. ஒரு மாதத்தில், நவம்பர் 9 அன்று, பெர்லின் மதில் திறந்தது.

ஆனால் புரோக்கன் திறக்கவில்லை. நாட்டின் எல்லை திறந்தபின்னும் மூன்று வாரங்களுக்கு மேலாக உச்சியின் மதில் மூடியே கிடந்தது. 1989 டிசம்பர் 3-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை நாள்காட்டியில் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. அன்று காலை இல்சன்பர்க்கிலிருந்தும் ஷீர்க்கேயிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் குளிரில் மலையேறினர். மதிலின் வாயிலில் நின்று, வழிவிடும்படி கேட்டனர். நண்பகலளவில் வாயில் திறந்தது. 28 ஆண்டுகளுக்குப் பின் மக்கள் தங்கள் மலையின் உச்சியில் நின்றார்கள். ஒரு குண்டும் பாயவில்லை.

அவர்கள் உள்ளே கண்டது என்ன? பிசாசுமில்லை, பூதமுமில்லை. கருவிகளும், குளிரில் நின்ற இளம் காவலர்களும், சிதைக்கப்பட்ட புல்வெளியுமே இருந்தன. பின்னர் மதில் பெயர்த்தெடுக்கப்பட்டது. கடைசி ரஷ்யப் படைவீரர் 1994-இல் வெளியேறினர்.

இன்றைய மலையும் நாமும்

1990-இல், கிழக்கு ஜெர்மன் அரசு தன் இறுதி நாள்களில் மலையின் தன் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. மேற்குப் பகுதி 1994-இல் அந்நிலையை அடைந்தது. 2006-இல் இரண்டும் ஒரே பூங்காவாயின. எல்லைக் காவலரின் வண்டிகளுக்கென்று பதிக்கப்பட்ட கான்கிரீட் பலகைகளின்மேல் இன்று குடும்பங்கள் நடந்து செல்கின்றன. ஆண்டுதோறும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் மலைக்கு வருகின்றனர். நீராவிப் புகைவண்டி மீண்டும் உச்சிக்கு ஏறுகிறது.

மலைக்கு வேறொரு துயரமும் உண்டு. முற்காலத்தில் வெள்ளிச் சுரங்கங்களின் தேவைக்காகப் பழைய காடுகள் வெட்டப்பட்டு, விரைவில் வளரும் ஒரே வகை ஊசியிலை மரங்கள் வரிசையாக நடப்பட்டன. 2018 முதல் தொடர்ந்த வறட்சியாலும் மரப்பட்டை வண்டுகளாலும் அக்காடுகள் பெருமளவில் பட்டுப்போயின. சாம்பல்நிற மரக்கூடுகள் சரிவுகளெங்கும் நிற்கின்றன. அவற்றின் அடியில், எவரும் நடாத இளம் பூர்ச்ச மரக்கன்றுகள் முளைத்து வருகின்றன.

அன்பானவரே, இம்மலையின் வரலாறு நம்மை ஒரு கேள்விக்கு முன் நிறுத்துகிறது. உங்களுக்கு எதிரே பூதமாக நிற்பது யார்? பேச்சு முறிந்துபோன சகோதரரா? வேறு சபைக்குச் செல்லும் அயலாரா? உங்கள் தெருவில் வாழும் வேறு சாதியார், வேறு மதத்தாரா? அவர்களை நீங்கள் உண்மையாகவே அருகில் சென்று கண்டதுண்டா, அல்லது உங்கள் பயத்தின் நிழலையே மூடுபனியில் கண்டு விலகி நிற்கிறீர்களா? உங்கள் தலைமேல் மட்டும் ஒளிவளையம் தெரிகிறதென்றால், அது அயலாரின் குறைவு அன்று. நீங்கள் நிற்கும் இடத்தின் விளைவு.

பூதத்தை வெல்ல வாள் வேண்டியதில்லை. சூரியன் உயர ஏறினால் நிழல் காலடியில் வந்து சுருங்கும். பனி தானே விலகும். அதுவரையிலும், பனிக்குள் வழிதவறியவருக்கென ஒரு சிறிய மேகக் குடிலைக் கட்டுகிறவர்களாயிருப்போம். மூடிய வாயில் எதுவாயினும், அதன் முன்னே கல்லெறியாமல் நின்று பொறுமையோடு தட்டுகிறவர்களாயிருப்போம்.

ஒளியின் தேவன் நம் கண்களைத் தெளிவாக்குவாராக. ஆமென்.